ஐந்து மில்லிமீட்டர்: வாய்ப்புற்று அறுவையில் மிகை மெய்ம்மையின் இடம்



மருத்துவத்தைத் தமிழில் பேச வேண்டும் என்ற எண்ணத்தில் எழுந்த ஓர் அறக்கட்டளையின் மேடை இது. இங்கே நின்று ஒரு புதிய கருவியின் பெருமையை மட்டும் பாடிவிட்டு இறங்குவது முறையாகாது. எந்த நோய்க்கு, யாருடைய உடம்பில், எவ்வளவு துல்லியமாக என்ற கேள்விகளோடுதான் இன்றைய பொருளை அணுக விரும்புகிறேன்.

பொருள், தலை, கழுத்து, வாய் அறுவைகளில் ஆக்மென்டட் ரியாலிட்டி, அதாவது மிகை மெய்ம்மை. அறுவை மருத்துவர் அணிந்த கண்ணாடியிலோ, அவர் பார்க்கும் நுண்ணோக்கியிலோ, எதிரே உள்ள திரையிலோ, நோயாளியின் உடம்பின்மேல் ஸ்கேன் படம் பொருந்தித் தெரியும்படி செய்யும் நுட்பம் இது. தோலுக்கும் சதைக்கும் அடியில் மறைந்திருக்கும் எலும்பு, இரத்தக்குழாய், கட்டி ஆகியவை இருக்கும் இடத்திலேயே கண்ணுக்குத் தெரிவதுபோல் காட்டும். கேட்கும்போதே மனம் துள்ளுகிறது. எனக்கும் துள்ளியது. ஆனாலும் நோயிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

2022ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய்க் கணக்கீட்டின்படி, உதட்டிலும் வாய்க்குழியிலும் அந்த ஓராண்டில் புதிதாகப் புற்று கண்டவர்கள் ஏறத்தாழ 3,90,000 பேர். அவர்களில் 1,43,000க்கு மேற்பட்டோர் இந்தியர்கள். உலகச் சுமையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நம் தலையில் இருக்கிறது. இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுகளில் முதலிடம் இதற்குத்தான். அதே ஆண்டில் இந்த நோய் கொண்டுபோன இந்திய உயிர்கள் ஏறத்தாழ 80,000. புகையிலை முதல் காரணம் என்பது எல்லாரும் அறிந்தது. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும், ஏன், வெறும் பாக்கும்கூடப் புற்றை உண்டாக்கும் என்பதைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியில் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. விசேஷ வீடுகளில் தாம்பூலத் தட்டு நீட்டும் நமக்கு இது கசப்பான செய்தி. கசந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மேலைநாடுகளில் நாக்கு, நாக்கின் அடித்தளம், தொண்டை ஆகிய இடங்களில் புற்று அதிகம் வருகிறது. நம் நாட்டில் அது பெரும்பாலும் வேறு இடத்தில் வருகிறது. கன்னத்தின் உட்புறமும் கீழ் ஈறும் சேரும் பள்ளத்தில். குட்காவையும் மாவாவையும் மணிக்கணக்காக அடக்கிவைக்கும் இடம் அதுதான். அங்கே தொடங்கும் புண், சில மில்லிமீட்டர் நகர்ந்தால் கீழ்த்தாடை எலும்பைத் தொட்டுவிடும். இந்த உடற்கூற்றுச் செய்தியை மனத்தில் வையுங்கள். இன்றைய பேச்சு திரும்பத் திரும்ப இங்கேதான் வந்து நிற்கும்.

வாய்ப்புற்று அறுவையில் கட்டியை மட்டும் எடுத்தால் போதாது. சுற்றியுள்ள நல்ல சதையோடு சேர்த்து எடுக்க வேண்டும். எடுத்ததை நோய்க்குறியியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்க்கும்போது, கடைசிப் புற்றணுவுக்கும் நாங்கள் வெட்டிய விளிம்புக்கும் நடுவில் 5 மில்லிமீட்டர் நல்ல திசுவாவது இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொண்ட வழக்கம். 1 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் விளிம்பிலேயே நோய் இருப்பதாகக் கொள்வோம். வெட்டியெடுத்த சளிச்சவ்வும் தசையும் உடனே சுருங்கத் தொடங்கிவிடும். அதனால் வெட்டும்போது ஒரு சென்டிமீட்டர் தள்ளி வெட்டுகிறோம். குறைவாக எடுத்தால் நோய் திரும்பிவிடும். கூடுதலாக எடுத்தால் நோயாளியின் பேச்சும் விழுங்கும் திறனும் போய்விடும், முகமும் மாறிப்போகும். வாய்க்குள் தாராளமாக வெட்டுவதற்கு இடமே கிடையாது.

இந்த ஒரு சென்டிமீட்டரை எங்கள் கை எப்படி அளக்கிறது? கண்ணால் பார்த்தும் விரலால் தொட்டும்தான். ஸ்கேன் படங்கள் சுவரில் உள்ள திரையில் இருக்கின்றன. நோயாளி மேசைமேல் இருக்கிறார். படத்தை நோயாளிமேல் பொருத்திப் பார்க்கும் வேலையை மருத்துவர் தம் மனத்துக்குள் செய்கிறார். 1895இல் ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டபோதும் இப்படித்தான். 1971இல் லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுத்த பிறகும் இப்படித்தான். படத்தின் தரம் எவ்வளவோ உயர்ந்தது. ஆனால் படத்துக்கும் உடம்புக்கும் இடையே உள்ள தூரத்தைக் கடப்பது மருத்துவரின் கற்பனை வேலையாகவே இருந்து வந்தது.

அந்தத் தூரத்தைக் கருவியிடம் ஒப்படைக்கும் முயற்சி நாம் நினைப்பதைவிடப் பழையது. 1968இல் ஐவன் சதர்லேண்ட் கூரையிலிருந்து தொங்கவிட்ட ஒரு தலைக்கருவியில், கண்முன் உள்ள அறையின்மேல் கோட்டுருவங்கள் மிதக்கும்படி செய்து காட்டினார். 1986இல் அமெரிக்காவின் டார்ட்மவுத்தில் டேவிட் ராபர்ட்ஸும் அவர் குழுவினரும் மூளை அறுவைக்கான நுண்ணோக்கிக்குள்ளேயே சி.டி. படத்தின் கோட்டுருவத்தைச் செலுத்தினார்கள். நுண்ணோக்கி எங்கே இருக்கிறது என்பதை ஒலி அலைகளால் கணித்தார்கள். ஆக்மென்டட் ரியாலிட்டி என்ற பெயர் அச்சில் பரவியது அதற்கும் பிறகு, 1992இல். போயிங் நிறுவனத்தில் விமானக் கம்பிக் கட்டுகளை அடுக்கும் தொழிலாளிகளுக்கு உதவ நினைத்த பொறியாளர்கள் வைத்த பெயர் அது. 1990களிலேயே வியன்னாவின் முகத்தாடை அறுவை மருத்துவர்கள் இதைத் தாடைச் சீரமைப்பில் சோதித்துப் பார்த்தார்கள். எனவே, இது நேற்று முளைத்த நுட்பம் அன்று. இத்தனை ஆண்டுகளாகியும் ஏன் ஒவ்வோர் அறுவை அரங்கிலும் இல்லை என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அதற்கான விடை பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்கிறது. படத்தையும் உடம்பையும் பொருத்தும் வேலைதான் அது. கணினியில் உள்ள தாடையும் மேசைமேல் உள்ள தாடையும் ஒன்றே என்று கருவிக்குத் தெரிய வேண்டும். அதற்கு இரண்டிலும் பொதுவான, அசையாத அடையாளங்கள் வேண்டும். பிறகு நோயாளியின் தலை நகர்ந்தாலும் மருத்துவரின் தலை திரும்பினாலும் கருவி விடாமல் பின்தொடர வேண்டும். பொருத்தியதில் ஒன்று, பின்தொடர்வதில் ஒன்று, காட்டுவதில் ஒன்று எனப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். இறுதியில் நிற்கும் மொத்தப் பிழை 5 மில்லிமீட்டரைவிட நன்றாகக் குறைந்திருந்தால்தான் நமக்குப் பயன்.

வாய் மருத்துவத்துக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. அது பல். வெளியே தெரிகிற, கூர்மையான, எலும்பில் நிலையாகப் பதிந்த அடையாளங்கள் உடம்பில் வேறெங்கும் இப்படி வரிசையாகக் கிடைப்பதில்லை. டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அழகாகப் பயன்படுத்தினார்கள். நோயாளியின் உடம்பில் எந்தக் குறியும் ஒட்டாமல், இரட்டைக் கேமராவால் பல் விளிம்புகளையே கண்டறிந்து, பாதி ஊடுருவும் கண்ணாடி ஒன்றின் வழியாகத் தாடைக்குள் இருக்கும் வேரையும் நரம்புப் பாதையையும் முப்பரிமாணத்தில் காட்டினார்கள். அவர்கள் சோதனைகளில் பிழை ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றது. இத்தாலியில் பீசா பொறியாளர்களும் பொலோன்யா மருத்துவர்களும் அறுவைக்கென்றே ஒரு தலைக்கருவியை வடிவமைத்து, மேல்தாடையை வெட்டி நகர்த்தும் அறுவையில் வெட்டுக்கோட்டை எலும்புமேல் காட்டினார்கள். தாடையை இழந்தவருக்குக் கெண்டைக்காலின் ஃபிபுலா எலும்பை எடுத்துப் புதுத் தாடை செய்வது இன்று வழக்கமான அறுவை. டேவிட் ஹிடால்கோ 1989இல் எழுதிய பிறகு உலகம் முழுதும் பரவியது. அந்த எலும்பை எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் வெட்டி மடக்க வேண்டும் என்று காட்ட இந்த நுட்பம் ஏற்றது. 2018இல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில், காலின் சி.டி. ஆஞ்சியோ படத்தை ஹோலோலென்ஸ் கண்ணாடி வழியாகக் காலின்மேலேயே காட்டி, தோலுக்கு வரும் சிறு இரத்தக்குழாய்களைத் தேடினார்கள்.

எல்லாமே எலும்பு, அல்லது எலும்பை ஒட்டியது என்பதைக் கவனித்திருப்பீர்கள். 2019 இறுதியில் அமெரிக்க அரசு அனுமதி பெற்ற முதல் தலைக்கருவி வழிகாட்டியும் முதுகெலும்பில் திருகு பொருத்துவதற்கானதுதான். எலும்பு, ஸ்கேன் எடுத்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அறுவை அன்றைக்கும் அப்படியே இருக்கும். நாக்கு அப்படி இருக்காது. அதன் படம் வாயை மூடிப் படுத்த நிலையில் எடுத்தது. அறுவையிலோ வாயை விரித்து, நூல் போட்டு நாக்கை வெளியே இழுத்திருப்போம். மயக்க மருந்தில் தசை தளர்ந்திருக்கும். முதல் வெட்டு விழுந்ததும் மிச்சமும் மாறும். வரைபடத்தைப் பாறையில் ஒட்டலாம், ஓடும் தண்ணீரில் ஒட்ட முடியாது. நாக்குப் புற்றின் எல்லையை இந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்து வெட்டலாம் என்று இன்று யாராவது விற்க வந்தால், நான் வாங்க மாட்டேன். கழுத்திலும் இதே கதைதான். தசையை விலக்கியதும் நெறிக்கட்டிகளும் குழாய்களும் இடம் மாறிவிடுகின்றன.

இப்போது நம் ஊர்ப் புற்றுக்கு வருவோம். கன்னமும் ஈறும் சேரும் பள்ளத்தில், எலும்பை ஒட்டி வளரும் புற்று. அதாவது, இந்த நுட்பம் நன்றாக வேலை செய்யும் இடத்துக்கு அருகிலேயே நம் நோய் இருக்கிறது. தாடை எலும்பை முழுக் கனத்தில் வெட்டுவதா, கீழ் விளிம்பைக் காப்பாற்றி மேல் பகுதியை மட்டும் எடுப்பதா என்பது இங்கே தினமும் எழும் கேள்வி. அந்த வெட்டுக்கோட்டை எலும்புமேல் காட்டும் கருவி, நாக்குப் புற்று மிகுந்த நாட்டைவிட நமக்குத்தான் அதிகம் உதவும். இந்த வாய்ப்பை நம் பொறியியல் கல்லூரிகள் இன்னும் போதிய அளவு உணரவில்லை என்பது என் ஆதங்கம்.

ஆனால் இதே வாயில் ஒரு பெரும் தடையும் இருக்கிறது. பாக்கு மெல்லுபவர்களின் கன்னத்தின் உட்சதை நாளடைவில் நாராக இறுகி, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்போம். வெளிநோயாளிப் பிரிவில் நாங்கள் முதலில் சொல்வதே, “மூணு விரல வாய்க்குள்ள வச்சுக் காட்டுங்க” என்பதுதான். ஒரு விரல்கூட நுழையாமல் வருகிறவர்கள் உண்டு. பல்லைக் கேமரா பார்த்தால்தான் பொருத்த முடியும். வாய் திறந்தால்தானே கேமரா பல்லைப் பார்க்கும்? போதாக்குறைக்கு, பல நோயாளிகளுக்குப் பல்லே பாதி இருக்காது. இருக்கும் பல்லையும் புற்று அரித்து ஆட்டிவைத்திருக்கும். ஆடும் பல் அடையாளமாகப் பயன்படாது. கீழ்த்தாடையோ மண்டையோட்டிலிருந்து தனியாக அசையும் எலும்பு. அதற்குத் தனியாக ஒரு பின்தொடர் குறி பொருத்த வேண்டும். நல்ல பற்கள் நிரம்பிய, நன்றாகத் திறக்கும் வாய்களில் வந்த துல்லியத்தை நம் நோயாளிகளுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் வாய்களில் நாமே அளக்க வேண்டும்.

நான் மிகவும் நம்பிக்கை வைத்திருக்கும் பயன், வெட்டும் கணத்தில் இல்லை. அது அறுவை அரங்குக்கும் நோய்க்குறியியல் ஆய்வகத்துக்கும் இடையே இருக்கிறது. கட்டியை எடுத்து, ஒரு பக்கம் குட்டை நூல், ஒரு பக்கம் நெட்டை நூல் போட்டு, திசை எழுதி அனுப்புவோம். அங்கே உறையவைத்துச் சீவிப் பார்த்து, அரை மணி நேரம் போல ஆனதும் போன் வரும். “பின்பக்க ஆழ விளிம்பில் நோய் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் எடுங்கள்.” அந்தப் பின்பக்க ஆழ விளிம்பு இப்போது எங்கே? வாயில் இருப்பது இரத்தம் கசியும் ஒரு குழி. சுவர்கள் சுருங்கிவிட்டன. கையிலிருந்த துண்டும் சுருங்கி வேறு வடிவமாகிவிட்டது. 2001இல் பிரிட்டனில் வந்த ஓர் ஆய்வு, தாங்களே மாதிரி எடுத்த இடத்தை மருத்துவர்கள் சற்று நேரம் கழித்து மறுபடி சரியாகக் காட்ட முடிகிறதா என்று பார்த்தது. சராசரிப் பிழையே ஒரு சென்டிமீட்டரை ஒட்டி இருந்தது. 5 மில்லிமீட்டருக்காக இத்தனை பாடுபடும் தொழிலில், இரண்டாம் வெட்டு இப்படி விழுகிறது. தவறான இடத்தில் எடுத்த நல்ல சதை, “இப்போது விளிம்பு சுத்தம்” என்று அறிக்கையில் வரும். நோயோ உள்ளேயே இருக்கும்.

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகக் குழு இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டது. வெட்டியெடுத்த துண்டை உடனே முப்பரிமாண ஸ்கேனரில் பதிவு செய்கிறார்கள். சில நிமிட வேலை. ஆய்வகத்தில் எங்கெங்கே சீவினார்கள் என்பதை அந்தக் கணினி உருவத்திலேயே குறிக்கிறார்கள். இரு துறையினரும் ஒரே உருவத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். அதன் அடுத்த படியாக, அந்த உருவத்தைத் தலைக்கருவி வழியாகக் குழிக்குள் திரும்பப் பொருத்தி, நோயுள்ள விளிம்பு எந்த இடம் என்று காட்டுகிறார்கள். சடலங்களில் செய்து 2023இல் வெளியிட்ட ஆய்வில் இது நடைமுறைக்கு ஒத்துவரும் என்று காட்டினார்கள். இதன் முதல் பாதிக்குத் தலைக்கருவிகூடத் தேவையில்லை. ஒரு ஸ்கேனர், ஒரு கணினி, பேசிக்கொள்ள மனமுள்ள இரண்டு துறைகள் போதும். நம் அரசு மருத்துவக் கல்லூரிகள் இதை நாளைக்கே தொடங்கலாம்.

இனி ஆபத்துகளைச் சொல்கிறேன். டொராண்டோவில் 32 அறுவை மருத்துவர்களை வைத்து நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வை நம் மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். சடலம் ஒன்றில், மூக்கு வழியாக உள்நோக்கி கொண்டு குறித்த இலக்குகளைத் தேட வேண்டும். 15 பேருக்கு மிகை மெய்ம்மைப் படம் காட்டப்பட்டது. 17 பேருக்கு வழக்கமான காட்சி மட்டும். படம் கிடைத்தவர்கள் இலக்கைத் துல்லியமாகத் தொட்டார்கள். ஆனால் வழியில், அவர்களுக்குச் சொல்லாமல் ஒரு கடுமையான சிக்கல் கண்ணெதிரே வைக்கப்பட்டிருந்தது. வழக்கமான காட்சி பார்த்த 17 பேரில் 7 பேர் அதைக் கண்டார்கள். படம் பார்த்த 15 பேரில் கண்டவர் ஒரே ஒருவர். ஒளிரும் கோடு ஓரிடத்தைக் காட்டும்போது, மனம் மற்ற இடத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. கண் திறந்துதான் இருக்கும். கண்டது மனத்தை எட்டாது. கழுத்துத் தமனியும் முகநரம்பும் ஓடும் பகுதியில் இதை நான் சின்ன விஷயமாக நினைக்க மாட்டேன்.

இன்னொன்று கண்ணின் கணக்கு. ஹோலோலென்ஸ் போன்ற கருவிகள் படத்தைச் சுமார் 2 மீட்டர் தூரத்தில் குவித்துக் காட்டுகின்றன. நாங்கள் வேலை செய்வது கை எட்டும் தூரத்தில். ஒரே நேரத்தில் இரண்டையும் கூர்மையாகப் பார்க்கக் கண்ணால் முடியாது. பீசா குழுவினர் ஆட்களைக் காகிதத்தில் எளிய கோடு போடச் சொல்லிச் சோதித்தார்கள். வெறுங்கண்ணைவிடக் கருவி வழியாகப் பிழை கூடியது. அதைவிடக் கவலை தருவது, தங்கள் கை தவறியதைப் பெரும்பாலோர் உணரவே இல்லை என்பது. மருத்துவக் கருவியாகப் பிறக்காத பொருளை மருத்துவத்துக்கு இழுத்து வருவதில் வேறொரு சிக்கலும் உண்டு. எத்தனையோ அறுவை ஆய்வுகளுக்கு அடித்தளமான ஹோலோலென்ஸின் உற்பத்தியை மைக்ரோசாஃப்ட் 2024இல் நிறுத்திவிட்டது. ஒரு நிறுவனத்தின் வணிக முடிவில் நம் அறுவை முறை தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது.

பழைய படத்தைப் பொருத்தாமல், அந்த நொடியில் உடம்பு தரும் ஒளியையே காட்டும் வழியும் வளர்ந்து வருகிறது. தைராய்டு அறுவையில் அரிசியளவேயான பாராதைராய்டு சுரப்பிகளைத் தவறி எடுத்துவிட்டால் கால்சியம் குறைந்து நோயாளி அவதிப்படுவார். அந்தச் சுரப்பிகள் அகச்சிவப்பை ஒட்டிய ஒளியில் தாமாகவே மினுங்கும் என்பதை அனிதா மகாதேவன்-ஜான்சனின் வாண்டர்பில்ட் குழு கண்டறிந்தது. அதன் அடிப்படையிலான கருவிகளுக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சதை எவ்வளவு நகர்ந்தாலும் இந்த ஒளி கூடவே நகரும். மென்திசுவுக்கு வருங்காலம் இந்தத் திசையில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எந்தக் கருவியையும் எதை வைத்து மதிப்பிட வேண்டும்? மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் அனில் டி குரூஸ் குழுவினர் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு உரைகல். தொடக்கநிலை வாய்ப்புற்றில், கழுத்தில் கட்டி தெரியாதபோதே நெறிக்கட்டிகளை எடுத்துவிடுவதா, கட்டி வந்த பிறகு எடுப்பதா என்பது பல பத்தாண்டுகளாக நீண்ட வழக்கு. முதலிலேயே எடுத்தவர்களில் மூன்றாண்டு உயிரோடிருந்தவர்கள் 80 விழுக்காடு. காத்திருந்தவர்களில் 67.5 விழுக்காடு. புதுக் கருவி எதுவும் அங்கே இல்லை. சரியான கேள்வியும் நேர்மையான கணக்கும் இருந்தன. மிகை மெய்ம்மைக்கு வாய்ப்புற்றில் இப்படியொரு சான்று இன்னும் வரவில்லை. இதுவரை வந்தவை பெரும்பாலும் மாதிரி உருவங்களிலும் சடலங்களிலும் சிறு நோயாளிக் குழுக்களிலும் துல்லியத்தை அளந்தவை. நோய் திரும்பாமல் இருந்ததா, நோயாளி கூடுதல் காலம் வாழ்ந்தாரா, சோறு மென்று தின்றாரா என்று அளக்கும் ஆய்வு வேண்டும். நோயாளிகள் இங்கே இருக்கிறார்கள் என்பதால் அதைச் செய்ய வேண்டிய பொறுப்பும் இங்கேதான் இருக்கிறது.

திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கிய பெரிய ஆய்வையும் இந்த அவையில் சொல்லாமல் இருக்க முடியாது. பயிற்சி பெற்ற நலப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய், வாயைத் திறக்கச் சொல்லி, வெளிச்சத்தில் பார்த்தார்கள். அவ்வளவுதான். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண் இருந்தவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். 2005இல் வந்த முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்று இறப்பு 34 விழுக்காடு குறைந்தது. என் துறைக்கு ஒரு தலைக்கருவி வேண்டும் என்று அரசிடம் கேட்கப் போகும் நாளில், இந்த எண்ணையும் அதே கோப்பில் வைத்துத்தான் கொண்டுபோவேன். இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டி என்று நான் கருதவில்லை. முற்றிய நோயோடு வருகிறவர்கள் இன்றும் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்கு நல்ல அறுவை வேண்டும்.

இளம் மருத்துவர்களுக்கும் பொறியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட கருவியோடு யாராவது உங்கள் துறைக்கு வந்தால், செயல்விளக்கத்தைப் பார்ப்பதற்கு முன் கேளுங்கள்: பிழை எத்தனை மில்லிமீட்டர், அதிகபட்சப் பிழை எத்தனை, அளந்தது எலும்பிலா சதையிலா, இரண்டு விரல் மட்டுமே திறக்கும் வாயில் சோதித்தீர்களா, பல் இல்லாதவரிடம் எதை வைத்துப் பொருத்துவீர்கள், படம் தவறிப் பொருந்தினால் அதைக் கருவி எனக்குச் சொல்லுமா, ஒரே அசைவில் படத்தை அணைக்க முடியுமா. பதில் இருந்தால் உள்ளே அழையுங்கள். பதில் இல்லாவிட்டால், அந்தச் சோதனையை உங்கள் துறையிலேயே தொடங்கிவிடுங்கள்.